வீட்டுக் குழாயில் ஓடிய விடுதி: கொடைக்கானலில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொடைக்கானலில் ஒரு சரிவில் இருந்த பழைய குடியிருப்பு பங்களா, சில ஆண்டுகளுக்கு முன் தங்கும் விடுதியாக மாற்றப்பட்டது. மேலே இரண்டு தளங்களில் 14 அறைகள். அதிலிருந்து எட்டு மீட்டர் கீழே, சரிவை வெட்டிச் சமன்செய்த இடத்தில், பள்ளி மாணவர்களின் சுற்றுலாக் குழுக்களுக்காக 60 படுக்கைகள் கொண்ட புதுக் கூடம் ஒன்று. நடுவில் 40 பேர் உட்கார்ந்து சாப்பிடும் உணவுக்கூடமும் சமையலறையும். பங்களாவுக்குப் பின்னால், தண்ணீர் டேங்க் நிற்கும் மேடையை ஒட்டி, போர்வையும் விரிப்பும் துவைக்கும் சலவைக் கொட்டகை.

பிளம்பிங் வேலையைச் செய்தவர் அந்த ஊரிலேயே நல்ல பெயருள்ள மூத்த பிளம்பர். வில்பட்டி, நாயுடுபுரம் பக்கம் அவர் லைன் இழுத்த வீடுகள் ஏராளம். அவர் வேலையில் கசிவு பார்ப்பது அரிது. மூட்டுகள் சுத்தம், பைப்புகள் நேர்கோடு. இதைச் சொல்லிவிட்டுத் தொடர்வது முக்கியம், ஏனென்றால் இங்கே நடந்தது கைவேலைக் குறை இல்லை. ஒரு வீட்டுக்கு எப்படிக் கணக்குப் போடுவாரோ அதே கணக்கை விடுதிக்கும் போட்டார். அறை கூடக் கூட அதே லைனில் ஒரு டீ (கிளை பிரிக்கும் மூட்டு) போட்டுக் கூட்டிக்கொண்டே போனார். அவரிடம் வேறு கணக்கு கேட்டவரும் யாரும் இல்லை.

விடுதி உரிமையாளர் எங்களைக் கூப்பிட்டது ஒரு ஏப்ரல் மாதம், கோடை சீசன் சூடு பிடிக்கும் நேரத்தில். இந்தப் பதிவு அப்போதிலிருந்து அடுத்த ஆண்டு சீசன் முடியும் வரை நடந்ததைச் சொல்கிறது. விடுதியையோ ஆட்களையோ அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

வந்த புகார்கள்

காலையில் மேல்மாடி அறைகளில் தண்ணீர் நின்றுபோகிறது. வெந்நீர் வர நெடுநேரம் ஆகிறது, அதுவும் வெதுவெதுப்பாகத்தான். சில அறைகளைத் திறந்ததும் சாக்கடை வாடை. சமையலறைச் சிங்க் வாரம் ஒருமுறையாவது அடைத்துக்கொள்கிறது. நடைபாதையில் போகும் வெந்நீர் லைனில் ஒரே எல்போ (வளைவு மூட்டு) இரண்டாவது தடவையாக விரிசல் விட்டிருக்கிறது. சரிவின் கீழே காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர், தன் ஓடைப்பக்கம் கறுப்பாகத் தண்ணீர் ஊறுகிறது என்று வந்து சண்டை போட்டிருக்கிறார்.

இவற்றோடு உரிமையாளர் சாதாரணமாகச் சேர்த்துச் சொன்ன ஒன்றுதான் எங்களை உண்மையில் பயமுறுத்தியது. முந்தின வாரம் கூடத்தில் தங்கிய மாணவர்களில் ஒரு சிறுமி, வாஷ்பேசின் குழாயில் வாய் கொப்பளித்துவிட்டு, “டீச்சர், தண்ணி சோப்பு வாடை அடிக்குது” என்று சொல்லியிருக்கிறாள். பேசினைச் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

பார்த்ததும் அளந்ததும்

ஒரு நாள் மதியமும் மறுநாள் விடியலிலும் அளந்தோம். கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பக்கெட், கைபேசிக் கடிகாரம், ஒரு பிரஷர் கேஜ், ஒரு தெர்மாமீட்டர்.

மதியம் இரண்டு மணிக்கு மேல்மாடிக் கடைசி அறையில் குழாய் நிமிடத்துக்கு ஏழு லிட்டர் கொடுத்தது. குறை சொல்ல முடியாது. மறுநாள் காலை ஏழு மணிக்கு, கீழே மாணவர்கள் குளிக்கத் தொடங்கியதும், அதே குழாய் ஒரு லிட்டருக்கும் கீழே போய் நின்றேவிட்டது. பிளம்பர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “வீட்டுக்கு ஒரு இஞ்ச் போட்டா வெள்ளமா வரும் சார். இங்க ஆள் சேந்துட்டா நூல் மாதிரி ஆயிடுது” என்றார். அவர் பல மாதங்களாகப் பார்த்து வந்த உண்மை அது.

காரணம் லைன் போன விதம். டேங்கிலிருந்து ஒரே ஒரு இஞ்ச் பைப் இறங்கி, சலவைக் கொட்டகைக்கு ஒரு டீ, அப்புறம் அறை அறையாக டீ, கடைசியில் சரிவில் இறங்கிக் கூடம். டேங்கின் நீர்மட்டத்துக்கும் மேல்மாடிக் குழாய்க்கும் இரண்டரை மீட்டர்தான் உயர வித்தியாசம். பத்து மீட்டர் நீருயரம் ஒரு பார் அழுத்தம் என்பதால் இது கால் பார். கூடமோ இன்னும் பத்துப் பதினோரு மீட்டர் கீழே. அங்கே நாலைந்து குழாய் திறந்தால் அந்தச் சின்னப் பைப்பில் இருக்கும் தண்ணீர் முழுவதும் கீழே ஓடுகிறது. சமவெளியில் ஒரு தளத்தில் நடக்கும் பங்கீட்டுச் சண்டை, மலைச் சரிவில் கீழே இருப்பவன் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்வதாக மாறிவிடுகிறது.

இழுப்பது தண்ணீரை மட்டும் இல்லை. மேல்மாடிக் குழாயைத் திறந்து அதன் வாயில் ஈரக் காகிதத் துண்டை வைத்தோம். கீழே மாணவர்கள் குளித்துக்கொண்டிருந்தபோது காகிதம் உள்ளே உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொண்டது. அந்த நிமிடத்தில் லைனுக்குள் இருந்தது வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம். உடனே சலவைக் கொட்டகைக்குப் போனோம். குழாயில் மாட்டிய ரப்பர் ஹோஸின் மறுமுனை, சோப்பும் பிளீச்சிங்கும் கலந்த பெரிய தொட்டிக்குள் மூழ்கிக் கிடந்தது. அந்தச் சிறுமி சொன்னது சரி. தொட்டியில் இருந்ததைக் கூடத்துக் குழாய்கள் ஹோஸ் வழியாக இழுத்திருக்கின்றன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விறகு பாய்லரில் தண்ணீர் 42 டிகிரி. கை பொறுக்கும் சூடு போதும், விறகு மிச்சம் என்று அப்படி வைத்திருந்தார்கள். அங்கிருந்து கடைசி அறைக்கு 40 மீட்டர் ஒண்ணேகால் இஞ்ச் பைப். அறைகளின் கழிவு முழுவதும் இரண்டு தளத்துக்கும் சேர்த்து ஒரே நாலு இஞ்ச் பைப்பில் இறங்கியது, அதற்குக் காற்றுக்குழாய் கிடையாது. சமையலறைக் கழிவு நேராக செப்டிக் டேங்குக்கு. செப்டிக் டேங்க், பங்களாவில் ஒரு குடும்பம் இருந்த காலத்தில் கட்டியது. தரைத்தொட்டி கீழ்கேட்டருகே, டேங்கர் லாரி நிற்கும் இடத்தில். அதிலிருந்து ஏற்றும் மோட்டார் தொட்டி நீர்மட்டத்துக்கு ஆறரை மீட்டர் மேலே ஒரு ஷெட்டில். அது அடிக்கடி தண்ணீர் பிடிக்காமல் வெறுமனே ஓடியது. உறிஞ்சும் பைப்பின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வை பிளம்பர் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்.

எதை முதலில் செய்வது

உரிமையாளருக்கு மேல்மாடித் தண்ணீர்தான் அவசரம். அறைகளில் தங்கியவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சீசனில் அறையைப் பூட்டினால் ஆண்டு வருமானமே போய்விடும் என்பதும் நியாயம்தான். எங்கள் வரிசை வேறாக இருந்தது. யாருக்காவது உடம்புக்கு ஆபத்து விளைவிப்பது முதலில், அடுத்தவர் நிலத்தையும் நீரையும் கெடுப்பது அதன்பின், வசதிக்குறைவு கடைசியில்.

வீட்டில் ஹோஸ் பக்கெட்டில் கிடந்தால் பாதிப்பு அந்தக் குடும்பத்தோடு நிற்கும், செய்தவருக்கே தெரியவும் வரும். விடுதியில் தொட்டியில் ஹோஸை விட்டவர் மேலே, குடிப்பவர் கீழே. ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. விடிந்ததும் பஸ் ஏறிப் போய்விடுகிற குழந்தை யாரிடம் வந்து புகார் சொல்லும்? வணிகக் கட்டடங்களுக்கான விதிகள் பின்னோட்டத் தடுப்பை இவ்வளவு கறாராகக் கேட்பதன் காரணம் இதுதான். தொழிற்சாலைகளில் இந்தக் கண்டிப்பு இன்னும் கூடுதல். அங்கே எந்திரங்களுக்குப் போகும் தண்ணீரும் குடிதண்ணீரும் எந்த இடத்திலும் தொடக்கூடாது. பைப்புகளுக்கு நிறம் அடித்து அடையாளம் வைப்பார்கள். அதற்கென்றே இந்தியத் தரம் 2379 இருக்கிறது, தண்ணீருக்கு அடிப்படை நிறம் கடல்பச்சை.

அன்றைக்கே ஹோஸை வெட்டி எடுத்தோம். சலவைக்கும் சமையலறைப் பாத்திரம் கழுவும் இடத்துக்கும் தனியாக ஒரு 500 லிட்டர் டேங்க் வைத்தோம். அதற்குள் தண்ணீர் விழும் குழாய் முனைக்கும் டேங்கின் வழிவிளிம்புக்கும் இடையே காற்று இடைவெளி இருக்கும்படி, பைப் விட்டத்தின் இரு மடங்குக்குக் குறையாமல், மேலே தூக்கிப் பொருத்தினோம். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வ் ஒன்று போட்டால் போதாதா என்று உரிமையாளர் கேட்டார். வால்வுக்குள் ஒரு மணல் துகள் சிக்கினால் அது மூடாது, மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் கலங்கித்தான் வரும். காற்று இடைவெளி கெட்டுப்போக அதில் ஒரு பாகமும் இல்லை. அதனால் அதையே வைத்துக்கொண்டோம். பழைய லைன் முழுவதையும் திறந்துவிட்டுக் கழுவி, குளோரின் போட்டு ஊறவைத்து, மறுபடி கழுவினோம்.

கோடை முடியும்வரை செய்த தற்காலிக ஏற்பாடு ஒன்றுதான். கூடத்துக்குப் போகும் லைனில் வால்வைப் பாதிக்கு மூடி, மாணவர்கள் குளிக்கும் நேரத்தை இரண்டு அணியாகப் பிரிக்கச் சொன்னோம். மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறியது. பெரிய வேலைகளை ஜூன் பிற்பகுதிக்குத் தள்ளினோம்.

தண்ணீர்க் கணக்கு

இங்கே கொஞ்சம் நிதானித்துச் சொல்ல வேண்டும், வீட்டு வேலைக்கும் வணிக வேலைக்கும் உள்ள பிரிவு இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

வீட்டில் எத்தனை குழாய் இருந்தாலும் திறப்பவர்கள் நாலு பேர். அதனால் அனுபவமே போதும். ஆட்கள் பெருகும்போது, ஒரே சமயத்தில் எத்தனை குழாய் திறந்திருக்கும் என்பதை நிகழ்தகவாகக் கணக்கிட வேண்டும். இதற்கு வழி வகுத்தவர் அமெரிக்கத் தர நிர்ணய ஆய்வகத்தில் இருந்த ராய் ஹண்டர். 1940-இல் அவர் வெளியிட்ட முறையை வைத்து இன்றைக்கும் பல நாடுகளில் பைப் அளவு போடுகிறார்கள். ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு எடை எண் கொடுத்தார். ஒருவருடைய சொந்தக் குளியலறையில் ஃப்ளஷ் டேங்க் வைத்த கழிப்பிடத்துக்கு 3, வாஷ்பேசினுக்கு 1, ஷவருக்கு 2. அதே சாதனங்கள் பொதுக் கழிப்பறையில் இருந்தால் 5, 2, 4. பொருள் மாறவில்லை, கம்பெனி மாறவில்லை, உபயோகம் மாறுவதால் எண் மாறுகிறது.

விடுதி அறையோடு ஒட்டிய குளியலறை சொந்தக் குளியலறைக் கணக்கில்தான் வரும். ஆக 14 அறைக்கு 84. கூடத்தில் எட்டுக் கழிப்பிடம், எட்டு பேசின், எட்டு ஷவர், எல்லாம் பொது, ஆக 88. சமையலறைக்கு 12. மொத்தம் 184. எடை எண்ணைத் தண்ணீர் ஓட்டமாக மாற்றித் தரும் ஹண்டரின் வளைகோட்டில் இதற்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 230 லிட்டர் வருகிறது. ஒரு இஞ்ச் பைப்பில் விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் ஓடினாலும் 60 லிட்டர்தான் போகும். பைப் எவ்வளவு சிறிது என்பதைப் பார்க்க வேறு ஆதாரம் வேண்டாம்.

ஆனால் 230-ஐயும் நாங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஹண்டரின் முறை, குழாய் திறப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிவைத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிக்கொள்கிறது. கொடைக்கானலில் காலை எட்டரைக்கு பஸ் தூண்பாறைக்குக் கிளம்புகிறது என்றால், கூடத்தில் இருக்கும் 60 பேரும் ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவே குளித்தாக வேண்டும். அறைகளில் தங்கியவர்களும் மேகம் இறங்குவதற்குள் கோக்கர்ஸ் வாக் பார்க்க வேண்டும் என்று அதே நேரத்தில்தான் எழுகிறார்கள். அதனால் அறைகளையும் கூடத்தையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினோம். இரண்டுக்கும் தலா 150 லிட்டர் சுமார், சமையலறைக்கு 20, மொத்தம் 320. அதற்கு இரண்டரை இஞ்ச் தாய் லைன். அதிலிருந்து பங்களாவுக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று, சலவை டேங்குக்கு ஒன்று எனத் தனித்தனிக் கிளைகள், ஒவ்வொன்றின் தலையிலும் வால்வ். ஒரு கிளையைப் பழுதுபார்க்க மற்றதை மூட வேண்டியதில்லை.

சேமிப்புக்கும் இதே மாதிரிதான். தலைக்கு 135 லிட்டர் என்ற வீட்டு அளவை இங்கே வைக்க முடியாது. இந்தியத் தரம் 1172 விடுதிப் படுக்கைக்கு நாளொன்றுக்கு 180 லிட்டரும், உணவக இருக்கைக்கு 70 லிட்டரும் கேட்கிறது. அறைக்கு மூன்று படுக்கை வைத்து 102 படுக்கை, 40 இருக்கை. ஆக ஒரு நாளைக்கு 21,000 லிட்டர். அங்கே மேலே நின்றவை இரண்டு 2,000 லிட்டர் டேங்குகள். கோடையில் லாரித் தண்ணீரை நம்பி இருக்கும் ஊரில் அது அரை நாளுக்குக்கூடக் காணாது.

டேங்கை எங்கே வைப்பது

பிரஷர் பம்ப் வைக்கலாம் என்பது உரிமையாளரின் எண்ணம். விலையும் கேட்டு வைத்திருந்தார். பிளம்பர்தான் பங்களாவுக்குப் பின்னால் இன்னும் மேலே இருக்கும் பாறைத் திட்டைக் காட்டி, “அங்க வெச்சா கரண்டே வேண்டாமே” என்றார். அளந்து பார்த்தால் மேல்மாடிக் குழாயைவிட 14 மீட்டர் உயரம். மேல்மாடிக்கு 1.4 பார், கூடத்துக்கு இரண்டரைக்குப் பக்கம். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போனாலும் குழாயில் தண்ணீர் வரும். அவர் சொன்னதையே எடுத்துக்கொண்டோம்.

மலையில் உயரத்தை அளவில்லாமல் பயன்படுத்தவும் கூடாது. 70 மீட்டர் மேலே டேங்க் இருந்தால் 7 பார் வரும். வீட்டுக்கென்று விற்கும் ஃப்ளஷ் டேங்க் மிதவை வால்வும் இணைப்பு ஹோஸும் அதைத் தாங்கிக்கொண்டு நெடுநாள் ஓடாது. அப்படிப்பட்ட இடங்களில் நடுவில் ஒரு டேங்கோ அழுத்தம் குறைக்கும் வால்வோ வேண்டும்.

20,000 லிட்டர் என்றால் 20 டன். அதைச் சரிவு மண்ணில் வைப்பதை நினைக்கவே கூடாது. பாறை வெளியே தெரியும் இடத்தில் மட்டும் கான்கிரீட் மேடை போட்டு, ஒரு பெரிய தொட்டிக்குப் பதில் 5,000 லிட்டர் டேங்குகள் நான்கு வைத்தோம். வழிந்தோடும் தண்ணீர் மண்ணில் ஊறாதபடி அதற்குத் தனி பைப் போட்டு மழைநீர்க் கால்வாயில் விட்டோம். மண்சரிவு எப்படி வரும் என்று பார்த்தவர்களுக்கு இந்த பைப்பின் மதிப்பு தெரியும்.

மோட்டார் விஷயம் மலைக்கே உரியது. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் தண்ணீரை 10.3 மீட்டர் தாங்கும். 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் ஏறத்தாழ 8 மீட்டர்தான். உராய்வும் மோட்டாரின் சொந்தத் தேவையும் போக நம்பிக்கையாக இழுக்கக்கூடியது நாலரை, ஐந்து மீட்டர். மதுரையில் ஆறரை மீட்டர் உறிஞ்சும் மோட்டார் இங்கே திணறுவது அதனால்தான், ஃபுட் வால்வில் குற்றம் இல்லை. மோட்டாரைத் தரைத்தொட்டிக்குப் பக்கத்திலேயே, நீர்மட்டத்துக்குக் கீழே, கீழிறக்கி வைத்தோம். தரைத்தொட்டியையும் 20,000 லிட்டராகப் பெரிதாக்கினோம்.

வெந்நீர்

வீட்டில் கீசரிலிருந்து குழாய்க்கு மூன்று மீட்டர் அரை இஞ்ச் பைப். அதில் நிற்கும் குளிர்ந்த தண்ணீர் அரை லிட்டர்கூட இல்லை. இங்கே 40 மீட்டர் ஒண்ணேகால் இஞ்ச் பைப்பில் 25 லிட்டர் நிற்கிறது. நிமிடத்துக்கு ஆறு லிட்டர் எடுத்தால் நாலு நிமிடம் காத்திருக்க வேண்டும், அத்தனை நேரமும் லாரித் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. தண்ணீருக்குக் காசு கொடுத்தவரே அதை ஊற்றிக்கொண்டிருந்தார்.

சூட்டைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. 42 டிகிரியில் நாள் முழுக்க நிற்கும் தண்ணீர் லீஜியோனெல்லா கிருமிக்கு உகந்த இடம். 1976-இல் பிலடெல்பியாவில் ஒரு ஓட்டலில் மாநாட்டுக்கு வந்தவர்கள் நிமோனியாவில் விழுந்து பலர் இறந்தார்கள். காரணமான இந்தக் கிருமியை அடையாளம் காண அடுத்த ஆண்டு ஆனது. அங்கே ஏசி சாதனங்கள் வழியாகப் பரவியதாகக் கருதினார்கள். வெந்நீர்க் குழாய்களிலும் ஷவரின் சாரலிலும் அது பரவும் என்பது பிறகு தெளிவானது. 20-க்கும் 45-க்கும் இடைப்பட்ட சூடு அதற்குப் பிடிக்கும், 60-இல் அது செத்துவிடும். எனவே சேமிப்பு 60 டிகிரி.

ஆனால் 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கும், கூடத்தில் குளிப்பவர்கள் பிள்ளைகள். வீட்டில் அம்மா கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவாள், இங்கே அந்தக் கை இல்லை. அதனால் கூடத்துக்குப் போகும் கிளையில், ஷவர்களுக்கு வெகு அருகே, சூட்டை 41 டிகிரியில் நிறுத்தும் கலப்பு வால்வ் போட்டோம்.

விறகு பாய்லரை மாற்றவில்லை. காப்பு போட்ட 1,500 லிட்டர் வெந்நீர் டேங்க், பைப் முழுக்கக் காப்புறை, கடைசி அறையிலிருந்து பாய்லருக்குத் திரும்பி வரும் அரை இஞ்ச் லைன், அதில் ஒரு சின்ன சுழற்சி பம்ப். காலையிலும் மாலையிலும் பம்ப் ஓடும். திரும்பி வரும் தண்ணீர் 50 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது அளவு.

இரண்டு தடவை உடைந்த எல்போவின் கதையும் இதில்தான் இருக்கிறது. வெந்நீருக்குப் போட்டிருந்த சிபிவிசி பிளாஸ்டிக் பைப் சூட்டில் நன்றாக நீளும். நடைபாதையில் 30 மீட்டர் நேராகப் போகும் பைப், விடியற்காலை 12 டிகிரியிலிருந்து 60-க்கு ஏறினால் ஒன்பது சென்டிமீட்டர் நீளும். வீட்டில் மூன்று மீட்டர் துண்டு நீள்வது யாருக்கும் தெரியாது. இங்கே ஒவ்வொரு அடிக்கும் கிளாம்ப் வைத்து இறுக்கியிருந்ததால், நீண்ட பைப் போக இடமில்லாமல் முனையில் இருந்த எல்போவைத் தள்ளியது. நடுவில் இரண்டு இடத்தில் வளைவுச் சுற்று கொடுத்து, கிளாம்புகளை நழுவ விடும் வகைக்கு மாற்றினோம்.

கழிவு

வாடை வந்த அறைகளில் இரண்டு காரணங்கள் கலந்திருந்தன. ட்ராப்பில், அதாவது கழிவு வாய்க்குக் கீழே இருக்கும் வளைந்த பைப்பில், நிற்கும் 50 மி.மீ. தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மறிக்கிறது. மேல்தளத்தில் ஃப்ளஷ் செய்யும்போது நிரம்பி இறங்கும் தண்ணீர் பின்னால் காற்றை இழுக்கும். காற்றுக்குழாய் இல்லாததால் அது கீழ்த்தள ட்ராப்புகளில் இருந்து இழுத்தது. இது ஒன்று. இன்னொன்று சீசன் இல்லாத மாதங்களில் பூட்டியே கிடந்த அறைகள். வாரக்கணக்கில் யாரும் தண்ணீர் ஊற்றாத ட்ராப் காய்ந்துபோகிறது. வீட்டில் தினமும் குளிப்பதால் இது நடப்பதில்லை.

முதலாவதற்கு, கழிவு பைப்பைக் கூரைக்கு மேல் நீட்டி, காற்றுக்குழாய் சேர்த்தோம். இரண்டாவதற்கு பைப் வேலை எதுவும் இல்லை. பூட்டிய அறை ஒவ்வொன்றிலும் வாரம் ஒருநாள் எல்லாக் குழாயையும் சில நிமிடம் திறந்துவிட வேண்டும் என்று அறை சுத்தம் செய்யும் அக்காவிடம் ஒரு நோட்டு கொடுத்தோம். தேங்கிய தண்ணீர் வெளியேறவும் அதே வேலை உதவுகிறது.

சமையலறைக்கு, எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் தொட்டியான கிரீஸ் ட்ராப். பொரியல், பரோட்டா, பூரி என்று 100 பேருக்குச் சமைக்கும் இடத்தில் எண்ணெய் போகும் அளவு வேறு. அதோடு இந்தக் குளிர். வனஸ்பதியும் தேங்காய் எண்ணெயும் சமவெளியில் பைப்பைத் தாண்டிப் போய் உறைந்தால், இங்கே சிங்கிலிருந்து இறங்கிய உடனே பைப் சுவரில் படிகின்றன. வெட்டி எடுத்த பழைய பைப்பில் சுண்டுவிரல் நுழையும் துளைதான் மிச்சம் இருந்தது.

தோட்டக்காரரின் புகாரை நாங்கள் பெரிதாகவே எடுத்துக்கொண்டோம். ஒரு குடும்பத்துக்குக் கட்டிய செப்டிக் டேங்கில் 100 பேரின் கழிவு நின்று தெளிய நேரமே இல்லை. அப்படியே உறிஞ்சு குழிக்குப் போய், சரிவில் கசிந்து, அவர் ஓடையில் வெளிவந்தது. இந்தியத் தரம் 2470-இன்படி ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ற புதிய டேங்க், அதன்பின் ஜல்லி வடிகட்டி, உறிஞ்சு குழியை ஓடையிலிருந்து எட்ட இருக்கும் பக்கத்துக்கு மாற்றினோம். செலவில் பெரிய பங்கு இதற்குத்தான் போனது. தங்க வருபவர் கண்ணில் படாத வேலை என்பதால் உரிமையாளர் தயங்கினார். தோட்டக்காரரும் வயதானவர், அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கேரட்டுக்கும் பீன்ஸுக்கும் பாய்ச்சுகிறார். அவரை அழைத்து உட்காரவைத்துப் பேசிய பிறகுதான் வேலை நகர்ந்தது.

பின்னர் நடந்தது

அடுத்த கோடையில் கூடம் நிரம்பியிருந்த ஒரு காலை ஏழு மணிக்கு மேல்மாடிக் கடைசி அறையில் அளந்தபோது நிமிடத்துக்கு ஒன்பது லிட்டர் வந்தது. காகிதம் உள்ளே இழுபடவில்லை. வெந்நீர் அரை நிமிடத்துக்குள் வந்தது. எல்போ உடையவில்லை. லாரித் தண்ணீர் வாங்குவது கொஞ்சம் குறைந்ததாக உரிமையாளர் சொன்னார்.

எல்லாம் சரியாகப் போய்விடவில்லை. அக்டோபர் மழையில் கலங்கிய தண்ணீர் வந்து கலப்பு வால்வில் மண் படிந்து, ஒருநாள் கூடத்துக்கு வெந்நீரே போகவில்லை. வால்வுக்கு முன் சல்லடை போட்டு மாதம் ஒருமுறை கழுவ ஏற்பாடு செய்தோம். கிரீஸ் ட்ராப்பைச் சீசன் நெரிசலில் மூன்று வாரம் யாரும் திறக்கவில்லை, சிங்க் மறுபடி அடைத்தது. சமையல் மாஸ்டரின் வேலை என்று மேலாளரும், மேலாளரின் வேலை என்று மாஸ்டரும் நினைத்திருந்தார்கள். இப்போது சம்பளப் பட்டியலில் ஒருவர் பெயருக்கு நேரே அந்த வேலை எழுதப்பட்டிருக்கிறது.

பிளம்பர் இப்போது விடுதி வேலைக்குப் போனால் முதலில் படுக்கை எண்ணிக்கையைக் கேட்கிறார். “ஆள் கணக்கு தெரியாம பைப்பு வாங்காதீங்க தம்பி” என்று இன்னொரு விடுதிக்காரரிடம் அவர் சொன்னதை நானே கேட்டேன்.

இன்னொரு முறை செய்தால்

முன்பதிவு நோட்டையும் பஸ் கிளம்பும் நேரங்களையும் அளவெடுப்பதற்கு முன்பே வாங்கிப் பார்க்க வேண்டும். பைப் அளவு அதிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு கிளையிலும் தொடக்கத்திலேயே தண்ணீர் மீட்டர் வைப்பது நல்லது. இங்கே அது இல்லாததால் லாரிச் செலவு உண்மையில் எவ்வளவு குறைந்தது என்று எண்ணில் சொல்ல முடியவில்லை. சுவருக்குள் மறைந்த வால்வுகளுக்குத் திறக்கும் கதவு வேண்டும். இரண்டு இடத்தில் சுவர் ஓடுகளை உடைத்துத்தான் வால்வைத் தேடினோம்.

பராமரிப்பை மதிப்பீட்டுத் தாளிலேயே சேர்த்து எழுத வேண்டும். கிரீஸ் ட்ராப் வாரம் ஒருமுறை, சல்லடை மாதம் ஒருமுறை, பூட்டிய அறைக் குழாய்கள் வாரம் ஒருநாள், பாய்லர் சூடு தினமும், செப்டிக் டேங்க் சேறு அளவு ஆண்டுக்கு ஒருமுறை. யார் செய்வார், அவர் ஊருக்குப் போனால் யார் என்பதும் அதே தாளில். வால்வ்களுக்கு எண் போட்டு, லைன் படத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மோட்டார் ஷெட்டில் மாட்டும் வேலையை நாங்கள் இரண்டாம் ஆண்டுதான் செய்தோம். குழியை மூடுவதற்கு முன், பிளம்பர் பக்கத்தில் இருக்கும்போதே, அதை வரைந்து முடித்துவிட வேண்டும்.